பசைப் பேய்

அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். முறை பார்த்தால் ஒருத்திக்கு மட்டும்தான் அண்ணி. கணவனின் தங்கை பக்கத்து மேசையில் வேலை பார்த்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை "அண்ணி அண்ணி" என்று கூப்பிட்டதில் ஊருக்கே அண்ணியாகிவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது சூப்பர்வைசரும் "அண்ணி, இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்க" என்பார். ஒருமுறை சரக்கு இறக்கிய லாரி டிரைவர் ரசீதில் "பெற்றுக்கொண்டவர்: அண்ணி" என்று எழுதி முத்திரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ரசீது இன்னும் ஃபைலில் இருக்கிறது.

அந்த நாத்தனாருக்குப் பெயர் குட்டி. பெயரைக் கேட்டுவிட்டு ஏமாந்துவிடக் கூடாது. வயது நாற்பத்து மூன்று. நாற்காலியை ஒற்றைக் கையால் தலைகீழாகத் தூக்கி, உலுக்கி, எந்த போல்ட் ஆடுகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பாள். வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்த குற்றத்துக்குச் சாகும்வரை குட்டி.

பட்டறையில் நடக்கும் வேலை இதுதான். ஆபீஸ்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். கம்பெனி பெயரை மாற்றுவார்கள், மாடியை மாற்றுவார்கள், சுவருக்கு நீலம் அடித்துவிட்டு சிவப்பு நாற்காலி கண்ணை உறுத்துகிறது என்பார்கள். உடனே நல்ல நாற்காலிகளெல்லாம் தெருவுக்கு வந்துவிடும். முன்பெல்லாம் அவை நேராக அரவை யார்டுக்குப் போய்த் தூள்தூளாகும். இப்போது இங்கே வருகின்றன. சக்கரம், ஏற்றி இறக்கும் குழாய், கைப்பிடி, சாய்மானம், சீட்டு என்று பிரித்து, கழுவி, கெட்டதை மாற்றி, மறுபடி நாற்காலியாக்கி வேறொரு ஆபீஸுக்கு அனுப்புவார்கள். அங்கே அலுத்துவிட்டால் திரும்ப இங்கேயே வரும். வாசலில் 'வட்டப் பொருளாதாரம்' என்று பெரிதாக எழுதி, சுற்றிச் சுற்றி அம்புக்குறி போட்டு ஒரு போர்டு வைத்திருந்தார்கள். அதற்கு அர்த்தம் கேட்ட ஒருவரிடம் குட்டி சொன்னது: "அது ஒண்ணுமில்லைங்க. நல்லபடியா கட்டிக்கொடுத்து அனுப்பின பொண்ணு, பெட்டியோட திரும்பி வந்து நிக்குமே, அது மாதிரி. நாம என்ன, வேண்டாம்னா சொல்லமுடியும்?"

அண்ணிக்கு இந்தப் பட்டறை இரண்டாவது பிழைப்பு. அதற்கு முன் பதினேழு வருடம் புது நாற்காலி செய்யும் ஃபேக்டரியில் இருந்தாள். அங்கே பசை மேசை அவளுடையது. ஒட்டுப்பலகையை இடது கையில் பிடித்து, வலது கையால் பிரஷ்ஷில் பசையை எடுத்துப் பூசி, மேலே ஃபோமை வைத்து அழுத்தி அனுப்ப வேண்டும். நாளைக்கு நூற்றிருபது சீட்டு. அதில் பெரிய வித்தை என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த மேசையில் நின்று பார்க்கட்டும். பசை குறைந்தால் ஆறே மாதத்தில் ஃபோம் நழுவி, உட்கார்ந்தவரின் பின்புறம் ஒரு பக்கம் சாயும். கூடினால் ஓரத்தில் வழிந்து துணியில் கறை பிடிக்கும். அண்ணியின் சீட்டு ஒன்றுகூட ஃபோம் கழன்றது என்று புகாராகி வந்ததில்லை. இன்சார்ஜ் புதிதாகச் சேர்பவர்களைக் கூட்டி வந்து, "இவங்க ஒட்டினது ஒட்டினதுதான்" என்று காட்டுவார். அந்த ஒரு வாக்கியம்தான் பதினேழு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த பாராட்டு. அது போதும் என்றுதான் இருந்தாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் வேலைக்குப் போன இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. மூன்று வருடம் கழித்து ஃபேக்டரியில் பசை பூச மெஷின் வந்து நின்றது. "உங்களுக்கென்னங்க, ரெஸ்ட் எடுங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் குட்டி தன் வீட்டு மாடி அறையைக் காலி செய்து கொடுத்து, இந்தப் பட்டறையிலும் சேர்த்துவிட்டாள். செய்ததையெல்லாம் குறைவில்லாமல் செய்தாள். ஆனால் இருவரும் உட்கார்ந்து நாலு வார்த்தை மனம்விட்டுப் பேசியதாக யாரும் பார்த்ததில்லை. சேர்ந்து பஸ் ஏறுவார்கள், சேர்ந்து இறங்குவார்கள், அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நானூறு நாற்காலிகள் வந்தன.

பதினொரு மாடி இன்ஷூரன்ஸ் ஆபீஸ். மொத்தம் மூவாயிரம் நாற்காலிகளை மாற்றப் போகிறார்கள். அதில் நானூற்றை முதலில் அனுப்பிவைத்து ஒரு நிபந்தனையும் போட்டார்கள். நானூற்றில் முந்நூற்றிருபது நாற்காலியாகத் திரும்பி வரவேண்டும். வந்தால் மிச்சமெல்லாம் இந்தப் பட்டறைக்கு. வராவிட்டால் அரவை யார்டுக்கு. சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"மூவாயிரமும் வந்துச்சுன்னா ரெண்டு வருஷத்துக்கு வேலை. டெம்பரவரில இருக்கிற ஆறு பேரையும் பர்மனென்ட் ஆக்கிடலாம்னு முதலாளி சொல்லிட்டாரு. வரலைன்னா..." என்று இழுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வரலைன்னா ஆறு பேருக்கும் இந்த மாசத்தோட வேலை இல்லைங்க. என்னைத் திட்டாதீங்க."

அந்த ஆறு பேரில் குட்டியும் ஒருத்தி. அவளுடைய புருஷன் வெளியூரில் வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை தலையைக் காட்டுவதோடு சரி. வீடு ஓடுவது அவள் கையால்தான்.

சக்கரமும் குழாயும் கைப்பிடியும் சுலபமாகக் கழன்றன. அதற்கென்றே ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் ஸ்க்ரூ அண்ணன் என்பார்கள், துருப்பிடித்த போல்ட் அவரைக் கண்டாலே தானாகக் கழன்றுவிடும் என்று பேச்சு. இடைஞ்சல் சீட்டில் வந்தது. துணியை உரித்தால் உள்ளே ஃபோம், அதற்கடியில் ஒட்டுப்பலகை. ஃபோமும் பலகையும் தனித்தனியாகப் பிரிந்து வந்தால்தான் பழைய ஃபோமை அரைத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு, பலகைக்குப் புது ஃபோம் போட முடியும். பிரியாவிட்டால் இரண்டும் குப்பை. இந்தச் சீட்டுகளோ பிரிய மாட்டேன் என்றன. கத்தியை விட்டார்கள், ஃபோம் கிழிந்து பாதி பலகையிலேயே நின்றது. சூடு காட்டினார்கள், நாற்றம் வந்ததே தவிர ஒட்டு விடவில்லை. உளியால் சுரண்டினால் பலகையின் மேல்தோல் சீவிக்கொண்டு வந்தது. இரண்டு நாளில் இருபத்தாறு சீட்டு நாசம். எண்பதுக்கு மேல் கெட்டால் கதை முடிந்தது. அதில் இருபத்தாறு போய்விட்டது, ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை.

சூப்பர்வைசருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எந்தப் புண்ணியவான்டா இப்படி ஒட்டினான்?"

"புண்ணியவானா? பேய் சார், பேய். பசைப் பேய்" என்றாள் குட்டி. பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதன்பின் ஒவ்வொரு சீட்டு கிழியும்போதும் பசைப் பேய்க்கு அர்ச்சனை நடந்தது. பசைப் பேய் குளித்தால் சோப்பு கையை விட்டுப் போகாது, பசைப் பேய் உட்கார்ந்த வீட்டில் விருந்தாளி எழுந்திருக்க முடியாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அண்ணியும் சேர்ந்துகொண்டாள். சும்மா சேர்ந்துகொள்ளவில்லை, எல்லோரையும் மிஞ்சினாள். "இவனுக்கு வாய்ச்சவ கதியை நினைச்சுப் பாருங்க. சண்டை போட்டுட்டுப் பிறந்த வீட்டுக்குக்கூடப் போகமுடியாது, ஒட்டிக்கிட்டே பின்னால வந்துருவான்" என்றாள். பட்டறையே சிரித்தது. இரண்டு நாளில் அவர்கள் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஸ்க்ரூ அண்ணன் சுரண்டித் தோற்றுத் தூக்கிப்போட்ட பலகை ஒன்று அவள் மேசைக்கு வந்தது. ஃபோம் பாதி போயிருந்ததால் பசைக்கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. முன்பக்கம் வலது மூலையில் ஆரம்பித்து, வளைந்து வளைந்து, பின்பக்கம் இடது மூலைக்குப் போகும் கோடுகள். அந்த இடது மூலையில் பசையே படாத இடம், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு.

அண்ணி தன் இடது கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

நாற்காலியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வேறு கம்பெனியுடையது. ஆனால் அவளுடைய ஃபேக்டரி அந்தக் காலத்தில் நாலைந்து கம்பெனிகளுக்கு சீட்டு செய்து கொடுத்தது, ஸ்டிக்கர் அப்புறம் ஒட்டுவார்கள். கடவுளே! பசைப் பேய் அவள்தான். இவ்வளவு நேரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பேயை அதிகம் திட்டியவள் யார் என்று ஓட்டுப் போட்டால் அவள்தான் ஜெயிப்பாள். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அன்று சாயங்காலம் பஸ்ஸில் குட்டி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "மாசக் கடைசியோட நம்ம கதை முடிஞ்சுது அண்ணி. இனிமே எங்கன்னு போய் நிக்கிறது" என்றாள். அண்ணிக்கு வாய்வரை வந்தது. வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை வேலை ஆரம்பிக்கும் முன் சூப்பர்வைசர் மேசைக்குப் போய் நின்றாள்.

"சார், அந்தப் பசைப் பேய்..."

"அதை ஏன் அண்ணி காலையிலேயே ஞாபகப்படுத்தறீங்க?"

"அது நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஸ்க்ரூ அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். ஃபோம் வெட்ட வைத்திருந்த மெல்லிய கம்பியை அண்ணி எடுத்தாள். இரண்டு முனையிலும் மரப்பிடி கட்டிய கம்பி அது. ஒரு சீட்டைத் தன் பக்கம் இழுத்துப்போட்டு, பின்பக்க இடது மூலையில், பசை படாத அந்தக் கட்டைவிரல் இடத்தில் கம்பியை நுழைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிரஷ் எப்படிப் போனதோ அதே வளைவில் பின்னோக்கி இழுத்தாள். அவசரப்படவில்லை. குறுக்கே இழுத்தால் கிழியும். கோட்டோடு போனால் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் பசை இல்லாத வழி இருக்கிறது. அது அவள் கைக்கு மட்டும்தான் தெரியும். முன்மூலைக்குக் கம்பி வந்ததும் ஃபோம் முழுசாக, கிழியாமல், கழன்று வந்தது. அடியில் பலகை சேதமில்லாமல் இருந்தது.

"அடேங்கப்பா!" என்றார் ஸ்க்ரூ அண்ணன்.

சூப்பர்வைசர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் அண்ணி, இவ்வளவு கெட்டியாவா ஒட்டுவாங்க?"

"கழறக் கூடாதுன்னு சொன்னாங்க சார். திரும்பப் பிரிப்பாங்கன்னு யாரும் சொல்லலையே" என்றாள். அதில் தப்பு எதுவும் இல்லை. அந்த ஃபேக்டரியில் ஒரு நாற்காலியை யாராவது ஒரு நாள் பிரிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தவர் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை ஒருவரும் இல்லை.

எல்லோருக்கும் சந்தோஷம், குட்டியைத் தவிர. அவள் கிட்டே வந்து, "எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"நேத்து மத்தியானம்."

"நேத்து பஸ்ல நான் புலம்பினேனே, அப்பவே தெரியும்?"

அண்ணி கம்பியை மேசைமேல் வைத்தாள்.

"கேட்டுக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருந்தியே" என்றாள் குட்டி. 'நீங்க' என்பது 'நீ'யாகிவிட்டது. "உன்னைச் சொல்லி என்ன? என் அண்ணன் போன நாலாவது நாளே டிபன் டப்பாவைத் தூக்கிட்டு வேலைக்குக் கிளம்பினவதானே நீ. வாசல்ல நின்னு கேட்டேன், உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கான்னு. அன்னிக்கும் இப்படித்தான், ஒரு வார்த்தை பேசாம செருப்பை மாட்டிக்கிட்டுப் போனே."

பட்டறையில் எல்லோரும் ஆளுக்கொரு போல்ட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

குட்டி கேட்டதைத்தான் அண்ணியும் இத்தனை வருடம் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபேக்டரியில் மூன்று நாள் லீவு கொடுத்தார்கள், நாலாவது நாள் போனாள். அந்த நாட்களில் அவளுக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவன் போயும் அழாதவள் எப்படிப்பட்டவள்? கல்நெஞ்சக்காரிதான் போலிருக்கிறது என்று அவளே முடிவுகட்டி, அந்த முடிவோடு வாழப் பழகியிருந்தாள். அந்த வேதனையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வேலை நடந்தது. கம்பியை எப்படி இழுக்கவேண்டும் என்று நாலு பேருக்குக் காட்டினாள். குட்டி அவளிடம் நேராகக் கேட்காமல், ஸ்க்ரூ அண்ணன் இழுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அண்ணியும் குட்டியும் தனித்தனி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரம் முழுக்க ஃபோம் கழன்றுகொண்டே இருந்தது. எட்டு சீட்டு கை தவறிக் கிழிந்தது. அதுபோக, என்ன செய்தும் கம்பி நுழையாத சீட்டுகள் சில அங்கங்கே அகப்பட்டன. மூலையில் கட்டைவிரல் இடமே இல்லை, முழுக்கப் பசை. அவற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டே வந்தார்கள். நூறு, இருநூறு, முந்நூறு தாண்டியது. சுவரோரத்துக் கும்பலும் ஏறிக்கொண்டே போனது. சூப்பர்வைசர் அதைப் பார்க்காமல் இருக்க முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் முந்நூற்றிருபதாவது பலகை பிரிந்து வந்தது. அதைப் பிரித்தது குட்டிதான். ஸ்க்ரூ அண்ணன் ஸ்பானரால் இரும்பு மேசையைத் தட்டி ஊரைக் கூட்டினார். சூப்பர்வைசர் அவசர அவசரமாக முதலாளிக்கு போன் போட்டுவிட்டு வந்து, "ஆறு பேரும் திங்கக்கிழமை போட்டோ கொண்டு வாங்க, கார்டு போடணும்" என்றார். கடைசியில் கணக்கு முந்நூற்றிருபத்தைந்தில் நின்றது.

மிச்சம் சுவரோரத்து நாற்பத்தொரு சீட்டு. தப்பித்துவிட்ட நிம்மதியில் சூப்பர்வைசருக்கு ஆராய்ச்சி புத்தி வந்துவிட்டது. ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்.

"அண்ணி, இங்க வாங்க. ஒரு தடவை பூசினது காய்ஞ்சதுக்கு அப்புறம் மேல இன்னொரு தடவை பூசியிருக்கு. இது என்ன, ஸ்பெஷல் ஆர்டரா?"

"ரெண்டு தடவையா? அப்படிப் பூசவே மாட்டோமே சார்."

அவர் பலகைகளைக் கவிழ்த்துப்போட்டார். ஒவ்வொன்றின் அடியிலும் ஃபேக்டரியின் தேதி முத்திரை இருந்தது. நானூறு நாற்காலிக்கும் சேர்த்து மூன்று மாதத் தேதிகள் இருந்தன. ஆனால் இந்த நாற்பத்தொன்றும் ஒரே வாரம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய மார்ச் பதினாலிலிருந்து பத்தொன்பதுவரை. பிரிந்து வந்த பலகைகளையும் இழுத்துவைத்துப் பார்த்தார். "பத்தாம் தேதி வரைக்கும் ஒழுங்கா இருக்கு. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு வேற யாரோ ஒட்டியிருக்காங்க, கோடெல்லாம் கோணல்மாணல், பசையும் கம்மி, அதான் பிரிஞ்சு வந்திருக்கு. பதினாலுலேர்ந்து திரும்ப உங்க கைதான், ஆனா ரெண்டு ரெண்டு தடவை. இருபதாம் தேதிலேர்ந்து மறுபடி ஒரே தடவை. அது என்ன, இருபதுக்கு அப்புறம் எல்லாப் பலகைலயும் ஓரத்துல சாக்பீஸ் கோடு?"

குட்டி போட்டோவைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவள், தேதியைக் கேட்டதும் நிறுத்திவிட்டாள். அண்ணன் போன பத்தாம் தேதியை அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கிட்டே வந்து ஒரு பலகையைக் கையில் எடுத்தாள்.

அண்ணி அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசை டின் ரெண்டு மடங்கு காலியாகுதுன்னு இன்சார்ஜ் வந்து சத்தம் போட்டாரு" என்றாள் மெதுவாக. "அப்பத்தான் சாக்பீஸ் வாங்கினேன். பூசின பலகைல ஒரு கோடு போட்டுக்குவேன். இல்லேன்னா பூசினேனா இல்லையான்னே தெரியாது. கைல பலகை இருக்கும். நான் எங்க இருக்கேன்னு தெரியாது. சரி, இன்னும் பூசலை போலிருக்குன்னு வேற மூலையைப் பிடிச்சுத் திரும்பப் பூசுவேன். வெளிச்சத்துல பார்த்தா காய்ஞ்சிருக்கிறது தெரியும்தான். பார்க்கத் தோணலை."

"ஏன் அண்ணி, வீட்டுல இருந்திருக்கலாமே?" என்றாள் குட்டி.

"வீட்டுல அவரோட சட்டை கொடியில கிடந்துச்சு."

குட்டி பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு வாசல்ல நான் அப்படிக் கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்த ஒன்பது வருஷமும் நான்... ஒரே ஒரு வார்த்தை அண்ணி."

"என்னன்னு சொல்றது குட்டி? எனக்கே இப்பத்தானே தெரியுது."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொள்ளவும் தோன்றாமல், பலகைகளுக்கு நடுவில் நின்றபடி, சத்தமாக அழுதாள். குட்டி பலகையை விடாமலே இன்னொரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் அரவை யார்டு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. சூப்பர்வைசர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, இந்த நாற்பத்தொன்றையும் ஏற்றிவிடலாமா என்று குட்டியைக் கேட்டார்.

"இன்னிக்கு வேணாம் சார்" என்றாள் குட்டி. "திங்கக்கிழமை ஏத்திக்கலாம்."